பத்தியத்தில் பழச்சாறு

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகலாகாது என்பது நம்மவர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு மரியாதை. அந்த மரியாதையை நம்பியே ஆஸ்பத்திரி வாசல்கள் தோறும் சாத்துக்குடியும் ஆப்பிளும் மாதுளையும் வண்டிகளில் கோபுரமாக அடுக்கி விற்கப்படுகின்றன. வாங்கிச் சென்ற பழம் பிழியப்பட்டு, சர்க்கரை சேர்க்கப்பட்டு, படுத்திருப்பவனுக்கு வந்திருக்கும் வியாதி இன்னதென்ற விசாரணை இல்லாமலே, 'தெம்புக்கு' என்ற ஒரே காரணத்தின்மேல் அவன் வாயில் புகட்டப்படுகிறது. எலும்பு முறிந்தவனுக்கும் மாரடைப்பு வந்தவனுக்கும் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. வயிற்றோட்டத்தால் துவண்டு கிடப்பவனுக்கு அதே பானம் நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது மட்டும் சுலபமாகத் தீர்த்துவிடக்கூடிய விஷயமன்று. வைத்திய சாஸ்திரம் இந்த ஒரு கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளை, ஒவ்வொரு தடவையும் மிகுந்த நிச்சயத்தோடு, கூறி வந்திருக்கிறது. பேதிக்குப் பழச்சாறு கொடுப்பது ஏதோ புராதன சம்பிரதாயம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்த வரையில் அந்த வழக்கத்துக்கு நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வயதில்லை. அதற்கு முன் நம் முன்னோர்கள் பழத்தை மருந்தாகக் கொண்டார்களேயன்றி, அதைப் பிழிந்த இனிப்பு நீரை மருந்தாகக் கொண்டவர்களாகத் தெரியவில்லை.

சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்தில், இரண்டாம் அத்தியாயத்தில், இருபத்தெட்டு வகைக் கஞ்சிகள் அவற்றின் குணங்களோடு சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்று, விளாம்பழம், வில்வம், புளியாரை, மோர், மாதுளை ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. அது ஜீரணத்தை உண்டாக்கி மலத்தைக் கட்டும் என்று நூலாசிரியர் விதிக்கிறார். இந்தச் சேர்க்கையை நின்று நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு, அதில் அடங்கியுள்ள விவேகம் ஆச்சரியத்தைத் தரும். சேர்க்கப்பட்ட பழங்கள் யாவும் புளிப்பும் துவர்ப்பும் உடையவை. தித்திப்பான பழம் ஒன்றுகூட இல்லை. அவை தனியே பிழிந்து கொடுக்கப்படவுமில்லை. அரிசிக் கஞ்சி என்ற ஆதாரத்தின்மேல், மோரோடு கூட, காய்ச்சப்பட்ட நிலையிலேயே நோயாளிக்குப் போகின்றன. கஞ்சியும் மோரும் பிரதானம், பழம் அனுபானம் என்று சொன்னால் மிகையாகாது.

சாஸ்திரம் அறியாத நம் கிராமத்துப் பாட்டிமார்களின் கைமுறையும் இந்த வழியிலேயே சென்றது. குழந்தைக்குக் கழிச்சல் கண்டால் மாதுளம் பிஞ்சை மோர் விட்டு அரைத்துக் கொடுப்பார்கள். பிஞ்சு கிடைக்காத காலத்தில், பழத்தைத் தின்றுவிட்டு வெயிலில் உலர்த்தி அடுக்குப்பானையில் போட்டுவைத்திருந்த மாதுளை ஓட்டை எடுத்துக் கஷாயம் வைப்பார்கள். மாதுளையின் செம்முத்துக்கள் வீட்டிலிருந்த சுகவாசிகளுக்கு. அதன் ஓடு நோயாளிக்கு. இதற்குரிய காரணத்தை இக்காலத்து ரசாயனம் சொல்லுகிறது: துவர்ப்புப் பொருளான டானின் ஓட்டில்தான் மிகுதி, அது குடலின் உட்சவ்வின்மேல் உள்ள புரதத்தோடு கூடி அதை இறுகச் செய்து, நீர் சுரப்பதை ஓரளவு தணிக்கிறது. முத்துக்களைப் பிழிந்தால் வருவதோ பெரும்பாலும் சர்க்கரை நீர். பாட்டிக்கு டானின் என்ற பெயர் தெரியாது. எந்தப் பாகத்தை எடுப்பது, எதை ஒதுக்குவது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

ஆங்கிலேய வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வந்தபோது, இங்குள்ள கடைச்சரக்குகளின் குணங்களை அறிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்பட்டது. சீமையிலிருந்து மருந்து கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும், சேர்ந்தாலும் பாதி கெட்டுப்போயிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜனாகத் தென்னாட்டில் பணிபுரிந்த வைட்லா ஐன்ஸ்லி, நம் வைத்தியர்கள் வழங்கிவந்த மூலிகைகளையும் சரக்குகளையும் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து 1813-ல் சென்னையிலேயே ஒரு நூலை அச்சிட்டார். அவருக்குப் பின் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரண்மனை வைத்தியராக இருந்த எட்வர்ட் ஜான் வேரிங், 1868-ல் வெளிவந்த இந்திய மருந்து நூலின் பதிப்பாசிரியராக இருந்து, வில்வப்பழத்தைச் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற மருந்துகளின் வரிசையில் சேர்த்தார். எந்த வில்வம்? பாதி பழுத்த, இன்னும் இறுகிய சதையுள்ள வில்வம். அது கழிச்சலைக் கட்டும். நன்கு பழுத்த வில்வத்தைக் கரைத்துச் செய்யும் சர்பத்தோ மலத்தை இளக்கும். ஒரே மரத்தின் ஒரே பழம், சில வார இடைவெளியில், நேர் விரோதமான இரண்டு தொழில்களைச் செய்கிறது. வேரிங் கடைச்சரக்குகளைப் பற்றி எழுதிய சிறு நூலில் மாதுளை ஓட்டைக் கிராம்புடனோ லவங்கப்பட்டையுடனோ கொதிக்கவைத்துக் கொடுக்கும் முறையும் இடம்பெற்றது. பாட்டியின் அடுக்குப்பானை இவ்வாறாக அரசாங்க மருந்துச்சாலைக்குள் பிரவேசித்தது.

இதே காலத்தில் மேல்நாடுகளில் பழத்தின் கதி வேறாக இருந்தது. அங்கே பழம் மருந்தாக மதிக்கப்படுவதற்குப் பதிலாகக் குற்றவாளியாகப் பிடிபட்டது. கோடையின் முடிவிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் பேதி மிகுதியாகப் பரவும். பழங்கள் மலிவாகக் கிடைப்பதும் அப்பருவத்திலேயே. ஆகவே பழமே பேதிக்குக் காரணம் என்று வைத்தியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். ஈயும், வெயிலில் வற்றிக் கலங்கிய கிணறும் அதே பருவத்துக்கு உரியவை என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 1832-ல் காலரா என்னும் வாந்திபேதி அமெரிக்காவை அடைந்தபோது, வாஷிங்டன் நகரத்துச் சுகாதாரச் சபை ஆப்பிள், பேரி, பீச், தர்ப்பூசணி, ஆரஞ்சு, எலுமிச்சை முதலிய பழங்களையும் பல காய்கறிகளையும் விற்கக்கூடாதென்று தடை விதித்தது. 1850-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி சுதந்திர தின விழாவில் வெயிலில் நின்று களைத்துத் திரும்பிய ஜனாதிபதி ஜக்கரி டெய்லர், செர்ரிப் பழங்களும் குளிர்ந்த பாலும் உட்கொண்டு, வயிற்று நோய் கண்டு, ஐந்தாம் நாள் இறந்தபோது, பழி செர்ரியின்மேல் விழுந்தது. தலைநகரத்தின் சாக்கடைகள் அந்நாளில் இருந்த லட்சணத்தைப் படித்தவர்கள் செர்ரிக்குச் சந்தேகத்தின் பலனைக் கொடுக்கவே விரும்புவார்கள்.

தடை விதித்தவர்களை முற்றும் மூடர்களென்று சொல்லிவிடவும் கூடாது. அறுத்து வைத்து ஈ மொய்த்த தர்ப்பூசணியும், அசுத்த நீரில் செய்த ஐஸ் கட்டி மிதக்கும் சாறும் நோயைப் பரப்பக்கூடியவையே. இன்றும் வாந்திபேதி தலைகாட்டும் ஊரில் நம் நகரசபைகள் அறுத்த பழ விற்பனையைத் தடுப்பதற்கு நியாயம் உண்டு. 1996-ல்கூட, அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களில், காய்ச்சிச் சுத்தி செய்யாத ஆப்பிள் சாற்றின் வழியாகக் கொடிய கிருமி பரவி ஒரு குழந்தை உயிர் துறந்தது. குற்றம் பழத்தினுடையதன்று, அதன்மேல் ஒட்டி வந்த அழுக்கினுடையது என்ற பேதம் தெரிவதற்கு மட்டும், வாந்திபேதி பரவும் வழியையும் அதன் கிருமியையும் கண்டறிந்த ஸ்னோவும் பாச்சினியும் கோக்கும் வரவேண்டியிருந்தது.

நோய் எதனால் வருகிறது என்ற கேள்வி ஒருபுறமிருக்க, நோயாளி எதனால் சாகிறான் என்ற கேள்விக்கு விடை வியக்கத்தக்க விரைவில் கிடைத்து, அதைவிட வியக்கத்தக்க விரைவில் மறக்கப்பட்டது. 1831-ம் ஆண்டின் இறுதியில், வாந்திபேதி இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் இறங்கியதும், இருபத்திரண்டு வயதே நிரம்பிய வில்லியம் புரூக் ஓஷாநெஸ்ஸி என்ற ஐரிஷ் வைத்தியர் அங்கே விரைந்து சென்று, நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்புக்களும் பெரிதும் குறைந்திருப்பதையும், குறைந்தவை யாவும் மலத்தில் இருப்பதையும் கண்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா என்பவர், உப்பு நீரை நோயாளிகளின் இரத்தக் குழாயில் நேரே செலுத்தி, சவக்களை தட்டியவர்களைச் சில நிமிஷங்களில் எழுந்து பேசச் செய்தார். ஆயினும் கிருமிகளைப் பற்றிய அறிவு இல்லாத காலத்தில், சுத்தி செய்யாத நீரை இரத்தத்தில் செலுத்தியதன் ஆபத்துக்கள் பல. உயிர் திரும்பியவர்களிலும் பலர் மீண்டும் மடிந்தார்கள். லாட்டாவும் 1833-ல் காலமானார். வைத்திய உலகம் பழையபடி இரத்தம் வடிப்பதற்கும், பாதரச பஸ்பத்தால் பேதிக்குமேல் பேதி கொடுப்பதற்கும், தாகத்தால் கதறுகிறவனுக்குத் தண்ணீர் மறுப்பதற்கும் திரும்பியது. ஓஷாநெஸ்ஸி கல்கத்தாவுக்கு வந்து, அங்கு வைத்தியக் கல்லூரியில் ரசாயன ஆசிரியராக இருந்து, பிறகு இந்தியா முழுவதற்கும் தந்திக் கம்பி போட்டுப் புகழ் பெற்றார். தண்ணீரும் உப்பும் கொடுத்தால் பிழைப்பான் என்ற செய்தியை அனுப்பத்தான் கம்பி அகப்படவில்லை போலும்.

பழச்சாறு படுக்கையறைக்குள் நுழைந்தது இந்த வாந்திபேதி விவகாரத்தின் வழியாக அன்று. அது வேறு வாசல் வழியாக வந்தது. பிழிந்து வைத்த சாறு விரைவில் புளித்துக் கள்ளாகும் இயல்புடையதாகையால், அதைச் சேமித்து விற்பதென்பது முற்காலத்தில் இயலாத காரியம். 1869-ல், நியூ ஜெர்ஸியைச் சேர்ந்த வைன்லாந்து என்ற ஊரில், தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற பல் வைத்தியர், மது விலக்கில் தீவிரப் பற்றுக் கொண்டவராதலால், தேவாலயத்து நற்கருணைக்குப் போதையற்ற திராட்சை ரசம் வேண்டுமென்று, பாஸ்டர் கண்ட முறையில் சாற்றைச் சூடாக்கிப் புட்டியில் அடைத்தார். சமய நோக்கத்தோடு பிறந்த அந்தப் புட்டி அவருடைய மகனின் கையில் வியாபாரப் பொருளாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காய்ச்சிய பாலை மட்டும் உண்டு வளர்ந்த நகரத்துக் குழந்தைகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் காணவே, நியூயார்க்கில் ஆல்பிரட் ஹெஸ் முதலிய வைத்தியர்கள் தினம் சிறிது ஆரஞ்சுச் சாறு கொடுக்கும்படி உபதேசித்தார்கள். அது முற்றிலும் நியாயமான உபதேசம். 1916-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு விவசாயிகள், மிதமிஞ்சி விளைந்த பழத்தைச் செலவழிக்க வழி தேடி, ஆரஞ்சைக் குடியுங்கள் என்று நாடெங்கும் விளம்பரம் செய்தபோது, வைத்தியரின் உபதேசமும் வியாபாரியின் கூக்குரலும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. ஒரு குறிப்பிட்ட குறைக்கு, ஸ்பூன் கணக்கில் சொல்லப்பட்ட மருந்து, எல்லா நோய்க்கும் டம்ளர் கணக்கில் கொடுக்கப்படும் உபசாரமாக மாறியது இவ்விதமே.

இந்த இடத்தில் ஜெர்மனியில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லாமற் போனால் கதை குறைபட்டுப்போகும். கருங்காட்டுப் பிரதேசத்தில் கோனிக்ஸ்ஃபெல்ட் என்னும் சிற்றூரில் வைத்தியம் செய்துவந்த ஆகஸ்ட் ஹைஸ்லர் என்பவர், பேதி கண்ட நோயாளிகளுக்கு வேறு ஆகாரம் எதுவும் தராமல், பச்சை ஆப்பிளைத் துருவி, அந்தத் துருவலையே இரண்டு நாள் உண்ணச் செய்து குணப்படுத்தி வந்தார். பேதிக்குப் பச்சைப் பழமா என்று படித்தவர்கள் முகம் சுளித்திருக்கக்கூடிய இந்தக் குடியானவ முறையை, ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் குழந்தை வைத்தியப் பேராசிரியராக இருந்த எர்னஸ்ட் மோரோ 1929-ல் தம் நோயாளிக் குழந்தைகளிடம் பரீட்சித்து, பலன் கண்டு, சஞ்சிகையில் எழுதிப் பிரசித்தப்படுத்தினார். மோரோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, காரட்டை நெடுநேரம் வேகவைத்துக் கடைந்த சூப்பினால் கைக்குழந்தைகளின் பேதியை நிறுத்திக் காட்டியவர். ஆகவே புதுமைக்கு அஞ்சாதவர். துருவிய ஆப்பிளில் வேலை செய்வது அதன் சதையிலுள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருள். ஜாம் உறைவதற்குக் காரணமானது அதுவே. அது குடலில் நீரை உறிஞ்சி மலத்துக்கு உருவம் கொடுக்கிறது. அதே ஆப்பிளைப் பிழிந்து, வடிகட்டி, தெளிவாக்கிப் புட்டியில் அடைக்கும்போது, பெக்டின் சக்கையோடு போய்விடுகிறது, மிஞ்சுவது சர்க்கரை. வில்வத்திலும் மாதுளையிலும் நாம் கண்ட அதே பேதம் கருங்காட்டு ஆப்பிளிலும் இருந்தது. ஆனால் பின்வந்தவர்கள் ஆப்பிள் பேதிக்கு நல்லது என்ற வாக்கியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, துருவல் என்பதை விட்டுவிட்டார்கள்.

மறக்கப்பட்ட உப்பு நீரின் கதை மீண்டும் தொடங்கியது கல்கத்தாவில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ரோஜர்ஸ் அங்கு உப்புக் கரைசலை ஊசி மூலம் செலுத்தி மரண விகிதத்தைப் பெரிதும் குறைத்திருந்தார். ஆனால் ஊசியும், சுத்தி செய்த நீரும், தேர்ந்த கையும் கிராமத்துக்குக் கிடைப்பவை அல்லவே! 1953-ல் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி என்ற வங்காள வைத்தியர், வாந்தியை முதலில் மருந்தினால் அடக்கிவிட்டு, குளுகோஸும் உப்பும் கரைத்த நீரை வாய் வழியாகவே கொடுத்து, 186 வாந்திபேதி நோயாளிகளைக் குணப்படுத்தியதாக லான்செட் சஞ்சிகையில் எழுதினார். அவர் பேதியைக் கட்டுவதற்காகச் சேர்த்துக்கொண்ட மற்றொரு மருந்து நமக்கு மிகவும் பரிச்சயமானது: கற்பூரவல்லி இலையின் சாறு! நம் வீட்டு முற்றத்துத் தொட்டியில், குழந்தையின் சளிக்கென்று வளர்க்கப்படும் அந்த இலை, உலகத்தின் தலைசிறந்த வைத்தியப் பத்திரிகையில் அவ்வாறு இடம்பெற்றது. மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அவருடைய கட்டுரையைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு நோயாளிக் கூட்டம் இல்லை, உட்சென்ற நீருக்கும் வெளிவந்த நீருக்கும் கணக்கு இல்லை என்று குறை சொன்னார்கள். குறை மெய்தான், ஆனால் இலைச்சாறு என்ற சொல்லைக் கண்டதும் சிலருடைய ஊக்கம் குன்றியிருக்கும் என்று சந்தேகிப்பதற்கும் இடமிருக்கிறது.

குளுகோஸ் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி பிராக் நகரத்தில் நடந்த கூட்டமொன்றில் காரணம் கூறினார். குடற்சுவரில் உள்ள ஒருவகை வாயிலில், குளுகோஸும் சோடியமும் தம்பதிகள் போலச் சேர்ந்து வந்தால்தான் அனுமதி. அவை உட்செல்லும்போது நீரும் கூடவே உட்செல்லும். வாந்திபேதியின் விஷம் குடலில் நீரைப் பெருக்கெடுக்கச் செய்தாலும் இந்த வாயிலை அடைப்பதில்லை. இந்த அடிப்படையில் 1968-ல், அப்பொழுது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த டாக்காவில், டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் என்ற இரண்டு இளைஞர்கள் 29 நோயாளிகளிடம் நடத்திய பரீட்சையில், வாய்வழிக் கரைசலைக் குடித்தவர்களுக்கு ஊசி நீரின் தேவை நூற்றுக்கு எண்பது பங்கு குறைந்தது. ஆயினும் இதெல்லாம் வார்டுக்குள், நர்ஸுகளின் மேற்பார்வையில்.

1971-ல் வங்காளதேசப் போர் மூண்டு, லட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்தில் குவிந்தபோது, பன்காவ் என்ற எல்லையூரின் சிறிய ஆஸ்பத்திரியில், தரையிலும் வராந்தாவிலும் நோயாளிகள் கிடக்க, ஊசி நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலநாபிஸ் என்ற வைத்தியர் வேறு வழியின்றி ஒரு துணிகரமான முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இதைக் கல்கத்தாவிலே பொட்டலம் கட்டி, பன்காவுக்குக் கொண்டுவந்து, பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் தாயிடமும் தமையனிடமும் குவளையைக் கொடுத்து, அவன் குடிக்கும் மட்டும் கொடுங்கள் என்றார். அகதி முகாம்களில் நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம், அவருடைய பராமரிப்பில் நான்குக்கும் கீழே இறங்கியது. சில ஆண்டுகளில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. மஹலநாபிஸ் 2022-ல் காலமான பிறகு, மறு வருஷம், இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

இந்தக் கரைசல் ஒரு தராசாக வந்து வாய்த்த பிறகே, பழச்சாற்றை அதன் மறு தட்டில் வைத்துப் பார்க்க முடிந்தது. 2002 முதல் திருத்தப்பட்டு இன்று வழங்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸும் 2.6 கிராம் உப்பும் உண்டு. கடையில் விற்கும் ஆப்பிள் சாற்றிலோ லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை. சோடியம் இல்லையென்றே சொல்லிவிடலாம். சர்க்கரை அவ்வளவு செறிவாகக் குடலில் வந்து நிற்கும்போது, அது உடலுக்குள் நீரைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. வயிற்றோட்டம் மேலும் ஓட்டமாகிறது. அந்தச் சர்க்கரையிலும் பெரும்பகுதி ஃபிரக்டோஸ். அதற்குச் சோடியத்தின் துணை வேண்டாம், ஆகையால் உப்பை அது உள்ளே அழைத்துச் செல்வதில்லை. போதாக்குறைக்கு ஆப்பிளிலும் பேரியிலும் சார்பிட்டால் என்ற பொருள் இருக்கிறது. அது எளிதில் கிரகிக்கப்படாமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவையும் கழிச்சலையும் உண்டாக்குவது. 1985-ல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் இருவர், காரணம் புலப்படாமல் நாட்பட்ட கழிச்சலால் வருந்திய குழந்தைகள் சிலரிடம் ஆப்பிள் சாற்றை நிறுத்தியதும் நோய் நின்றதைக் கண்டு எழுதினார்கள். நோயாளிக்குப் பானமாகத் தரப்பட்டது நோய்க்கே காரணமாக இருந்தது!

இதே ஆண்டுகளில் வங்காளதேசத்தில், ஃபஸ்லே ஹசன் ஆபெத் நிறுவிய பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள், வீடு வீடாகச் சென்று, அரை சேர் தண்ணீரில் மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் கரைப்பதைத் தாய்மார்களுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். 1980 முதல் பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு அவர்கள் போயிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வேறொருவர் வந்து அந்தத் தாய் கற்றதை எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாள் என்று சோதிப்பார். அதைப் பொறுத்தே ஊழியரின் சம்பளம். பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஆராய்ச்சி அங்கிருந்து பழைய பத்தியத்தின் பக்கமே திரும்பியது. 2000-ம் ஆண்டில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும், எளிதில் ஜீரணமாகாத ஒருவகை மாவுப்பொருளை வாய்வழிக் கரைசலோடு சேர்த்துக் கொடுத்தால் வாந்திபேதி நோயாளிகளின் கழிச்சல் விரைவில் குறைகிறது என்று காட்டினார்கள். அந்த மாவு பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டு, அப்போது உண்டாகும் அமிலங்கள் உப்பையும் நீரையும் அங்கேயே மீட்டுத் தருகின்றன. மறு ஆண்டு டாக்காவில் ரப்பானி முதலியோர், நாட்பட்ட கழிச்சலுள்ள குழந்தைகளுக்கு அரிசி உணவோடு வேகவைத்த வாழைக்காயையோ பெக்டினையோ சேர்த்துக் கொடுத்து நல்ல பலன் கண்டார்கள். வாழைப்பழம் என்று அவர்கள் சொல்லவில்லை, காய் என்றார்கள்.

இவ்வளவும் ஆன பிறகு உலக சுகாதார ஸ்தாபனம் தன் சிகிச்சைக் குறிப்பில் பானங்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. உப்பிட்ட கஞ்சியும் உப்பிட்ட மோரும் உப்பிட்ட காய்கறிச் சூப்பும் முதல் தரம். சர்க்கரை சேர்க்காத புதிய பழச்சாறும் இளநீரும் உப்பில்லாத கஞ்சியும் அதற்கடுத்த தரம். இவற்றை உப்புள்ள பானங்களோடு சேர்த்துக் கொடுக்கலாம், முக்கியமாக இளநீரிலும் புதிய சாற்றிலும் பேதியில் இழந்த பொட்டாசியம் நிறைய இருக்கிறது. கம்பெனிப் பழச்சாறும் சோடாக் கலரும் சர்க்கரை போட்ட டீயும் விலக்கப்பட்டவை. மோரும் கஞ்சியும் இப்படி முதலிடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு சரகர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

வழக்கு இத்துடன் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2016-ல் கனடாவின் டொரன்டோ நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள 647 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பாதிக்குப் பாதி நீர் கலந்த ஆப்பிள் சாற்றையும் பிறகு அவர்கள் விரும்பிய பானத்தையும், மற்றப் பிரிவினருக்கு ஆப்பிள் வாசனையூட்டிய உப்புக் கரைசலையும் கொடுத்தார்கள். சிகிச்சை பலிக்காமற் போனவர்கள் கரைசல் பிரிவில் நூற்றுக்கு 25. சாற்றுப் பிரிவில் 16.7 மட்டுமே. பத்திரிகைகள் பழச்சாறு வென்றது என்று எழுதின. காரணம் எளியதாகவே இருக்கலாம்: குழந்தைகள் சாற்றை விரும்புவார்கள், கரைசலை விரும்பமாட்டார்கள், குடிக்கப்படாத உத்தம ஔஷதத்தைவிடக் குடிக்கப்பட்ட மத்திம ஔஷதம் மேல். ஆனால் அந்தக் குழந்தைகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நோய் இலேசானது, மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளிடம் நீர் வற்றிய அடையாளம் சிறிதும் இல்லை, வீட்டில் நல்ல போஷாக்கும், தெருக்கோடியில் ஆஸ்பத்திரியும் உள்ள பணக்கார நாட்டுப் பிள்ளைகள், சாற்றால் கிடைத்த நன்மையும் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களிடமே தெளிவாகத் தென்பட்டது. பாதி நீர் கலந்த பிறகும் அதில் லிட்டருக்கு ஐம்பது கிராம் அளவில் சர்க்கரை இருந்தது, உப்பு அநேகமாக இல்லை. அதை ஒரு காலரா வார்டில் பரீட்சிக்க அந்த வைத்தியர்கள் முன்வரவில்லை, முன்வந்திருக்கவும் கூடாது.